முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர்: குட்டிக் கிண்ணப் பூஞ்சைகளை நுண்ணோக்கியில் இனங்காண்பது

பினாங்கில் மழை பிடித்துக்கொள்ளும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தண்ணீர்மலை அடிவாரத்தில் கிடக்கும் மக்கிய சுள்ளி ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் வெள்ளையாக, மஞ்சளாக, சாம்பல் நிறத்தில் புள்ளிகள் தெரியலாம். பத்து மடங்கு பெருக்கும் கைலென்சைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் அவற்றில் சில கிண்ணங்களாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட அகலம் இல்லாத கிண்ணங்கள். சிலவற்றுக்குக் காம்பு உண்டு. சிலவற்றின் விளிம்பில் முடி உண்டு. கைப்பேசியில் படமெடுத்துச் செயலியிடம் கேட்டால் அது கூசாமல் ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயரை நம்பாதீர்கள்.

கிண்ண வடிவம் எந்த ஒரு குடும்பத்துக்கும் தனிச் சொத்து அல்ல. ஸ்போர் எனப்படும் வித்துகளைக் காற்றில் வீசுவதற்கு வசதியான வடிவம் என்பதால், நெருங்கிய உறவில்லாத பல பூஞ்சைக் கிளைகள் தனித்தனியே அதை எடுத்துக்கொண்டிருக்கின்றன. குடைக்காளானின் உறவுக்காரர்களில்கூடக் கிண்ணங்கள் உண்டு. பெரிய கிண்ணங்கள் என்றால் சங்கதி வேறு. மலேசியக் காடுகளில் விழுந்த மரத்தின்மேல் இளஞ்சிவப்புக் கோப்பைகளாக வரிசை கட்டி நிற்கும் குக்கைனாவைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். உடம்பெல்லாம் நீண்ட முடி சிலிர்த்து நின்றால் அது குக்கைனா டிரைகோலோமா என்றுகூடத் துணியலாம். மில்லிமீட்டர் கணக்குக்கு இறங்கியபின் அந்தச் சலுகை கிடையாது. பெயருக்கான சான்று முழுவதும் கிண்ணத்துக்குள்ளே இருக்கிறது. அதைக் காண நுண்ணோக்கி வேண்டும். எதை எந்த வரிசையில் பார்ப்பது என்ற தெளிவும் வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

தேடக் கிளம்பும் முன் ஒரு சொல். 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவானாலும், கொடிமலைக் காடானாலும், தெலுக் பாஹாங் தேசியப் பூங்காவானாலும் அனுமதியில்லாமல் ஒரு சுள்ளியைக்கூட எடுத்து வரக்கூடாது. அங்கே பார்த்துப் படமெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக் கொல்லையில் கிடக்கும் மாங்கிளை, சொந்தக்காரரின் சம்மதத்தோடு பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்தில் பொறுக்கிய கிளை, காய்ந்த மூங்கில் துண்டு ஆகியவற்றிலேயே பல மாதங்களுக்கு வேலை கிடைத்துவிடும்.

கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது?

கிண்ணத்தின் உட்புறம்தான் பூஞ்சையின் விளைநிலம். அங்கே ஆஸ்கஸ் எனப்படும் நீண்ட பைகள், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் நிற்கும் கூட்டம்போல் தோளோடு தோள் உரச நெருக்கியடித்து நிற்கின்றன. ஒவ்வொரு பைக்குள்ளும் வழக்கமாக எட்டு வித்துகள். பைகளுக்கு நடுவே வித்து எதுவும் இல்லாத மெல்லிய இழைகள் நிற்கும். பாராஃபைசிஸ் என்பது அவற்றின் நூல் பெயர், நாம் மலட்டிழை என்று வைத்துக்கொள்வோம். இவற்றையெல்லாம் தாங்கும் கிண்ணச்சுவர் பலவகைச் செல்களால் ஆனது. சில இனங்களில் வெளிச்சுவரிலிருந்து முடிகள் கிளம்பும்.

பை, வித்து, மலட்டிழை, சுவர், முடி: இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் ஒரு பெயர். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மருந்தைத் தொடுவதற்கு முன்

புதியவர்கள் எல்லோருக்கும் கை அரிப்பது சாயப்புட்டியை நோக்கித்தான். நீலமும் சிவப்புமாகத் தெரிந்தால்தான் அறிவியல் என்று ஓர் எண்ணம். முதல் கண்ணாடித் தகட்டில் குழாய்த் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே என் பிடிவாதம்.

காரணம் எளியது. நாம் தேடும் பல அடையாளங்கள் உயிருள்ள செல்லில்தான் இருக்கின்றன. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, லாக்டிக் அமிலம், அயோடின் ஆகிய எதுவும் செல்லைக் கொன்றுவிடும். செத்த பை சுருங்குகிறது. மலட்டிழைக்குள் பளபளத்துக்கொண்டிருந்த பொருள் கலைந்துபோகிறது. ஜெர்மன் பூஞ்சையியலாளர் ஹான்ஸ்-ஓட்டோ பரால் 1992-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இதைத்தான் வலியுறுத்தியது: உலர்த்திய மாதிரிகளை மட்டுமே வைத்து எழுதிய பழைய வருணனைகளில் பாதிச் சான்று தொலைந்துபோயிருக்கிறது, ஆகவே உயிரோடிருக்கும்போதே பாருங்கள். பழைய நூலில் உள்ள பையின் அளவும் நீங்கள் தண்ணீரில் எடுத்த அளவும் ஒத்துப்போகாவிட்டால் உடனே புதிய இனம் என்று குதிக்க வேண்டாம். அந்த நூலாசிரியர் அளந்தது செத்த பையாக இருக்கலாம்.

செய்முறை இதுதான். கிண்ணம் ஒன்றைச் சவர அலகால் நடுவே பிளந்து, காகிதம்போல் மெல்லிய சீவல் ஒன்றை எடுங்கள். கைலென்சுக்குக் கீழே வைத்துச் செய்தால் கை பழகிவிடும். தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் சீவல், மேலே மூடுதகடு. பென்சில் முனையிலுள்ள ரப்பரால் மூடுதகட்டை மெதுவாக ஒருமுறை தட்டினால் பைகள் பிரிந்து வரும். ஓங்கி அழுத்தினால் அவை நசுங்கிச் சாகும். பிறகு தண்ணீரில் வைத்ததற்குப் பொருளே இல்லை.

இப்போது நானூறு மடங்கில் பாருங்கள். முதல் கேள்வி: வித்துகள் பைக்கு உள்ளே இருக்கின்றனவா, அல்லது தடித்த செல்லின் நுனியில் வெளிப்புறமாக, பெரும்பாலும் நான்கு நான்காக ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? வெளியே இருந்தால் அது பசிடியம். நீங்கள் பிடித்திருப்பது குடைக்காளானின் உறவு. அதற்கு வேறு நூல், வேறு பாதை. வெள்ளையாக முடியோடு இருக்கும் சின்னஞ்சிறு கிண்ணங்களில் இந்த ஏமாற்றம் அடிக்கடி நேரும்.

உள்ளே எட்டு வித்துகளோடு பை இருந்தால் இரண்டாவது கேள்வி: பை எப்படித் திறக்கிறது? வித்துகளை வெளியேற்றிவிட்ட காலிப் பைகளைத் தேடிப் பிடியுங்கள். சிலவற்றின் உச்சியில் வட்டமான மூடி ஒன்று ஒரு பக்கம் ஒட்டியபடி நிமிர்ந்திருக்கும். சிலவற்றில் மூடி கிடையாது. நுனியில் துளைதான் இருக்கும், வித்துகள் அதன் வழியே பிதுங்கி வெளியேறும். இந்த ஒரு வேறுபாட்டை வைத்துக் கிண்ணப் பூஞ்சைகளை இரண்டு பெரும் பிரிவுகளாக அடுக்கியவர் பிரெஞ்சுக்காரரான எமில் பூடியே. 1885-இல் வெளிவந்தது அவருடைய வகைப்பாடு. தொழிலால் அவர் மருந்தாளர். பல்கலைக்கழக ஆசிரியர் அல்லர். இன்றைய மரபணு ஆய்வுகளும் மூடியுள்ளவற்றைப் பெரும்பாலும் ஒரே கிளையில்தான் வைக்கின்றன. சிவப்புக் கண்ணிமைபோல் தோன்றும் ஸ்குட்டெல்லினியா, சாணத்தில் வளரும் அஸ்கோபோலஸ், மேலே சொன்ன குக்கைனா எல்லாம் மூடிக்காரர்கள். சுள்ளியிலும் இலையிலும் கிடைக்கும் மில்லிமீட்டர் கிண்ணங்களில் பெரும்பாலானவை துளைக்காரர்கள்.

மூன்றாவதாக மலட்டிழைகளைப் பாருங்கள். நுனி உருண்டையா, ஈட்டிபோல் கூர்மையா, கொக்கிபோல் வளைந்ததா? உள்ளே வெறும் தெளிவான நீர்மமா, அல்லது எண்ணெய்போல் மின்னும் பொருளா? சாம்பல் நிறக் கிண்ணங்களான மொல்லிசியாவில் மலட்டிழையின் உட்புறம் நீளமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். இதைப் பார்த்துக் குறித்துக்கொண்டபின் தகட்டின் ஓரத்தில் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டால், பல மொல்லிசியா இனங்களில் அந்தப் பொருள் மஞ்சளாகக் கரைந்து பரவும். வரிசையை மாற்றிச் செய்தவருக்கு மஞ்சள் மட்டும்தான் கிடைக்கும். ஒளிர்ந்ததைப் பார்க்க வாய்ப்பில்லை.

ஆர்பிலியா இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. காய்ந்த மரத்தில் ஆரஞ்சு நிறத்தில் மெழுகுபோல் பாதி ஒளி ஊடுருவும் வட்டுகளாக இருக்கும். இவற்றின் பல இனங்கள் இன்னொரு வடிவத்தில் நூற்புழுக்களைக் கண்ணி வைத்துப் பிடித்துத் தின்பவை. ஆர்பிலியாவின் வித்துக்குள் ஒரு சிறு பளபளப்பான உறுப்பு இருக்கிறது. அது துளிவடிவமா, உருண்டையா, புழுவாக நெளிந்ததா, வித்தின் எந்த முனையில் ஒட்டியிருக்கிறது என்பவை இனத்தைப் பிரிக்க உதவும் முதன்மைச் சான்றுகள். வித்து செத்தால் அந்த உறுப்பு மறைந்துவிடும். ஹைட்ராக்சைடில் போட்டுவிட்டு ஆர்பிலியாவை இனம்காணப் போகிறேன் என்பது நடக்காத காரியம்.

அயோடினின் நீலம்

தமிழ்ப்பள்ளி அறிவியல் வகுப்பில் உருளைக்கிழங்கின்மேல் அயோடின் விட்டு அது கருநீலமானதைப் பார்த்திருப்பீர்கள். பல கிண்ணப் பூஞ்சைகளின் பையிலும் அயோடினோடு நீலமாகும் பொருள் உண்டு. அது எங்கே நீலமாகிறது என்பதே கேள்வி. மூடிக்காரர்களில் ஒன்றான பெஸிஸாவில் பையின் உச்சி முழுவதும் நீலமாகும். துளைக்காரர்கள் பலவற்றில் உச்சித் துளையைச் சுற்றிய வளையம் மட்டும் நீலமாகும். பக்கவாட்டில் பார்க்கும்போது அது இரண்டு குட்டி நீலக் கோடுகளாகத் தெரியும். ஆர்பிலியாவில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்கவில்லை என்பதும் ஒரு பதில்தான், எழுதி வையுங்கள்.

எந்த அயோடின் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பூஞ்சை நூல்களில் அதிகம் பேசப்படுவது மெல்சர் கரைசல். செக் நாட்டவரான வாட்ஸ்லாவ் மெல்சர் 1924-இல் ருசுலா காளான்களின் வித்துகளுக்காக உருவாக்கியது. அதில் குளோரல் ஹைட்ரேட் கலந்திருக்கிறது. லூகோல் கரைசல் அதைவிடப் பழையது, எளியது: அயோடின், பொட்டாசியம் அயோடைடு, தண்ணீர், அவ்வளவுதான். பாரிஸ் மருத்துவர் லூகோல் 1829-இல் செய்தது. சில இனங்களின் பைவளையம் லூகோலில் நீலமாகாமல் மங்கிய சிவப்பாகும். முதலில் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துக் கழுவிவிட்டு லூகோல் விட்டால் அதே வளையம் நீலமாகும். இந்தச் சிவப்பு, இனம்பிரிக்க உதவும் நல்ல சான்று. மெல்சரில் போட்டால் அது தெரியவே தெரியாது. எதிர்வினை இல்லை என்று தவறாக எழுதிவிடுவோம். ஆகவே கிண்ணப் பூஞ்சைக்கு லூகோலே சிறந்தது என்பது என் கருத்து. குளோரல் ஹைட்ரேட் எளிதில் கிடைக்காது என்பதையும் சேர்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

இன்னொரு பொறியும் உண்டு. ஸ்குட்டெல்லினியா போன்ற சிவப்பு, ஆரஞ்சுக் கிண்ணங்களில் மலட்டிழைக்குள் கரோட்டின் நிறமி இருக்கும். அயோடின் பட்டால் அது பச்சையாக மாறும். பார்ப்பவர் அவசரப்பட்டு 'நீலம்!' என்று எழுதிவிடுவார். நிறம் பையிலா, இழையிலா என்று எண்ணெய் லென்சில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அயோடினைச் சேர்க்கும் முறை: மூடுதகட்டைத் தூக்காமல் ஒரு பக்க விளிம்பில் ஒரு சொட்டு வைத்து, எதிர்ப்பக்கத்தில் மெல்லிய காகிதத்தால் தண்ணீரை உறிஞ்சுங்கள். கரைசல் தானாக உள்ளே ஓடிவரும். கண்ணெதிரே நிறம் மாறுவதைப் பார்க்கலாம்.

பையின் அடியில் ஒரு கொக்கி

எல்லோரும் பையின் உச்சியைப் பார்ப்பார்கள். அடியைப் பார்க்கிறவர்கள் குறைவு. பை உருவாகும்போது சில இனங்களில் இழையின் நுனி கொக்கியாக வளைந்து, பிறகு பையாக நீள்கிறது. அந்த இனங்களில் முதிர்ந்த பையின் அடி இரண்டு கால்களோடு, நடுவே சிறு இடுக்கோடு இருக்கும். கொக்கி இல்லாத இனங்களில் பை வெறும் குறுக்குச்சுவரில் முடிந்துவிடும். இதற்கு உயிர் தேவையில்லை. ஹைட்ராக்சைடும் காங்கோ சிவப்பு என்ற சாயமும் சேர்த்து ஆயிரம் மடங்கில் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

அற்ப விஷயமாகத் தோன்றும். ஐரோப்பாவில் ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவரும் நோய் 1990-களின் தொடக்கத்தில் போலந்தில் கவனிக்கப்பட்டது. நோய்ப்பூஞ்சையின் கிண்ணங்களை ஆராய்ந்தபோது, அவை ஹைமெனோசைபஸ் அல்பிடஸ் என்ற இனத்தைப் போலவே இருந்தன. அதுவோ ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஆஷ் இலைக்காம்புகளில் யாருக்கும் தீங்கில்லாமல் வாழ்ந்துவந்த உள்ளூர் இனம். இத்தனை காலம் சாதுவாக இருந்தது திடீரென்று கொலைகாரனானது எப்படி என்று திகைத்தார்கள். மரபணு ஆய்வு 2011-இல் விடை சொன்னது: இவை இரண்டு தனி இனங்கள். கொல்வது கிழக்காசியாவிலிருந்து வந்தது. இன்று அதன் பெயர் ஹைமெனோசைபஸ் ஃப்ராக்ஸினியஸ். கிண்ணம், நிறம், வித்து எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. நுண்ணோக்கியில் பிரிக்க உதவும் அடையாளம் பையின் அடியில் இருக்கிறது. கொல்லும் இனத்துக்குக் கொக்கி உண்டு, சாதுவுக்கு இல்லை.

வித்தும் முடியும்

வித்தை அளக்காமல் இனப்பெயர் இல்லை. நுண்ணோக்கியின் கண்ணருகு லென்சில் அளவுகோல் பொருத்தி, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த தகட்டைக் கொண்டு அதைச் சரிபார்க்க வேண்டும். அந்தத் தகட்டின் ஒரு பிரிவு பத்து மைக்ரோமீட்டர். ஒருமுறை கணக்கிட்டு நுண்ணோக்கியின்மேல் ஒட்டிவைத்தால் போதும். பைக்குள் இருக்கும் வித்தை அளக்காதீர்கள். அது முதிர்ந்ததா என்று தெரியாது. கிண்ணத்தை ஈரமான மூடிய டப்பாவில் மூடுதகட்டுக்கு அடியில் இரவு முழுக்க வைத்தால் முதிர்ந்த வித்துகளைத் தானே தகட்டில் வீசியிருக்கும். இருபது வித்துகளை அளந்து நீளம், அகலம் இரண்டையும் எழுதுங்கள். எண்ணெய்த் துளிகள் எத்தனை, குறுக்குச்சுவர் உண்டா, மேற்பரப்பு வழுவழுப்பா, மருவுள்ளதா என்பவையும் தேவை. மருவும் வரியும் தண்ணீரில் சரியாகத் தெரியாது. லாக்டிக் அமிலத்தில் கரைத்த பருத்தி நீலச் சாயத்தில் பளிச்சென்று தெரியும். ஸ்குட்டெல்லினியா இனங்களைப் பிரிக்க அது இன்றியமையாதது.

இப்போது எல்லாவற்றையும் ஒரே மாதிரியில் ஓட்டிப் பார்ப்போம். சுள்ளியில் முக்கால் மில்லிமீட்டர் வெள்ளைக் கிண்ணம், குட்டைக் காம்பு, வெளியெங்கும் வெண்முடி. தண்ணீரில்: பைகள் உண்டு, எட்டு வித்துகள், ஆகவே பசிடியக் கூட்டம் வெளியே. காலிப் பையில் மூடி இல்லை, துளைக்காரர். மலட்டிழைகள் ஈட்டி வடிவில், பைகளைவிட உயரமாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இது பெரிய துப்பு. முடியைப் பார்க்கிறோம்: குறுக்குச்சுவர்கள் உள்ள, மெல்லிய சுவருடைய முடி, அதன் மேற்பரப்பு முழுக்கச் சர்க்கரை தூவினாற்போல் நுண்மணிகள். லூகோல் விடுகிறோம்: பை உச்சியில் இரண்டு நீலக் கோடுகள். வித்து, எட்டு மைக்ரோமீட்டர் நீளம், இரண்டு அகலம், இருபுறமும் கூம்பிய வடிவம். ஈட்டி இழை, மணிபடிந்த முடி, நீல வளையம் மூன்றும் சேர்ந்தால் லாக்னம் பேரினத்தின் கதவைத் தட்டிவிட்டோம். முடி வழுவழுப்பாக இருந்திருந்தால் வேறு பேரினங்களைத் தேடிப் போயிருப்போம்.

இனப்பெயர்? இங்கேதான் நிதானம் வேண்டும். இணையத்திலும் நூல்களிலும் கிடைக்கும் இனங்காணல் அட்டவணைகள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்காக எழுதப்பட்டவை. பினாங்குச் சுள்ளியைக் கொடுத்தால் அவை ஏதோ ஒரு ஐரோப்பிய இனத்தின் பெயரைத் திருப்பித் தரும். அது பொருந்துவதுபோலவும் தோன்றும். நம்மூர் வெப்பமண்டலக் காட்டின் குட்டிக் கிண்ணங்கள் பல இன்னும் பெயரே இல்லாதவை. ஆகவே 'லாக்னம், இனம் தெரியவில்லை' என்று எழுதி, அளவுகளையும் படங்களையும் சேர்த்து வைப்பது, பொருந்தாத லத்தீன் பெயரை ஒட்டுவதைவிடப் பல மடங்கு பயனுள்ளது. பின்னால் ஒரு நிபுணர் பார்த்தால் அந்தக் குறிப்பிலிருந்து மேலே போகலாம். தவறான பெயரிலிருந்து போக முடியாது.

குறிப்பில் ஒவ்வோர் அளவுக்கும் அருகே அது எதில் எடுக்கப்பட்டது என்று எழுதுங்கள்: தண்ணீரிலா, ஹைட்ராக்சைடிலா, லூகோலிலா. எந்த மரம், மரமா மூங்கிலா பெரணியா, பட்டையின் மேலா உள்ளேயா என்பதும் வேண்டும். ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகளிடம் புட்டியைக் கொடுத்துவிட்டு வெளியே போகாதீர்கள். மீதிச் சுள்ளியைக் காற்றாட உலர்த்தி, காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் வைத்த இறுக்கமான டப்பாவில் பூட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைத்தால் பினாங்கு ஈரத்துக்கு அதன்மேல் வேறொரு பூசணம் குடியேறிவிடும். அதையும் இனம்காணும் வேலை உங்கள் தலையில் விழும்.